துணையும் துணிவும்

தனியே செல்ல அஞ்சும் இடத்திற்குத் துணையோடு செல்லத் துணிகிறோம். இது மனித இயல்பு. இருளிலும் காட்டிலும் கடலிலும் நம் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார் என்ற நினைவே பாதி அச்சத்தைப் போக்கிவிடுகிறது. ஆயின், அச்சம் நீங்குவது வேறு. ஆபத்து நீங்குவது வேறு. துணையால் இவ்விரண்டில் எது நீங்குகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சில வேளைகளில் அச்சம் மட்டும் மறைய, ஆபத்து இருந்த இடத்திலேயே இருக்கிறது. அன்புடையார் கூடிச் செல்லும் பயணத்தில், "இது வேண்டாம், திரும்பிவிடுவோம்" என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? ஒருவர் அப்படிச் சொன்னால் மற்றவர் கடமை யாது? இவ்வினாவை ஆராய்வதற்கு, கடலடியில் கிடக்கும் கப்பல்களைக் காணச் செல்வோரின் அனுபவம் நல்லதோர் உரைகல்லாகும்.

மூழ்கிப்போன கப்பல்களை, முதுகில் காற்றுக் கலங்களைச் சுமந்து முக்குளித்துக் கண்டு வருவது இன்று உலகின் பல கரைகளில் ஒரு பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. நம் நாட்டிலும் கோவாவின் கிராண்டே தீவை அடுத்த கடலுக்கு இதற்கெனப் படகுகள் செல்கின்றன. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கடல் சீறும்போது நின்றுவிடுகின்றன. குடும்பமாகவும் நண்பர் குழுவாகவும் செல்வோர் பலர். ஆழம் குறைந்த இடங்களில், பயிற்சியாளரின் துணையோடு புதியவரும் இறங்கலாம்.

ஆழம் கூடக்கூட நிலைமை மாறுகிறது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் மிகுகிறது. 70 மீட்டர் ஆழத்தில் இருப்பது மேற்பரப்பில் உள்ளதைப் போல் 8 மடங்கு அழுத்தம். அங்கே சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் அறிவை மயக்குகிறது. உடலெங்கும் கரைந்து தங்குகிறது. மேலே வருபவர் நங்கூரக் கயிற்றைப் பற்றியபடி, குறித்த ஆழங்களில் நின்று நின்றே வரவேண்டும். விரைந்து ஏறினால் கரைந்த வாயு குருதியில் குமிழிகளாகி உயிரைப் பறித்துவிடும். ஆகவே, கீழே இடர் நேர்ந்தால் மேலே ஓடிவிடலாம் என்பதற்கு வழியில்லை. கடல் கொந்தளிக்கும் நாளிலோ அந்தக் கயிறே மேலும் கீழும் துள்ளுகிறது. ஏறிவர வேண்டிய படகின் ஏணியே ஆளைத் தாக்குகிறது.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி கரைக்கு அப்பால், ஏறத்தாழ அந்த 70 மீட்டர் ஆழத்தில், 1991ஆம் ஆண்டு முக்குளிப்போர் சிலர் ஒரு ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டனர். 1945 பிப்ரவரியில் 56 பேருடன் அழிந்த யூ-869 தான் அது என்பது 1997இல்தான் உறுதியாயிற்று. அந்தப் பெயரை அறியும் முயற்சிக்கிடையே முக்குளிப்போர் மூவர் உயிரிழந்தனர். அவருள் இருவர் தந்தையும் மகனுமாவர். 1992 அக்டோபரில், கடல் கொந்தளித்திருந்த ஒரு நாளில் இருவரும் சேர்ந்து இறங்கினர். கப்பலின் உள்ளே சென்ற மகன், சரிந்த பொருள்களின் அடியில் அகப்பட்டுக்கொண்டான். தந்தை உள்ளே புகுந்து அவனை விடுவித்தார். அதற்குள் காற்றும் காலமும் கரைந்திருந்தன. நிற்க வேண்டிய இடங்களில் நில்லாமல் இருவரும் மேலே வந்தனர், இருவருமே பிழைக்கவில்லை. அவர்கள் பயிற்சியில் குறைந்தவர்கள் அல்லர். நீரடிக் குகைகளில் பழகித் தேர்ந்தவர்கள்.

அவர்களைக் குறைகூற நாம் இதனை எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தந்தை செய்ததை எந்தத் தந்தைதான் செய்யாதிருப்பார்? நாம் காணவேண்டிய உண்மை அங்கேதான் இருக்கிறது. ஆழத்தில் அன்புக்கு வேறு வழி கிடையாது. ஒருவரை விட்டு ஒருவர் வர இயலாது. உற்றாரோடு இறங்குபவர் தம் உயிரை மட்டும் பணயம் வைப்பதில்லை; தமக்காக உயிர்விடத் தயங்காத ஒருவரையும் சேர்த்தே பணயம் வைக்கிறார். ஆகவே, முடிவெடுக்க வேண்டிய இடம் கீழே அன்று. மேலே, படகின் தளத்தில்.

அந்தத் தளத்தில் அன்பு எவ்வாறு நடந்துகொள்ளும் என்று எண்ணிப் பார்ப்போம். ஒரு குடும்பம், உடன் ஒரு நண்பர். அலை எழுகிறது, வானம் கறுக்கிறது. மகனுக்கு உள்ளூர அச்சம். ஆயின், பொருள் செலவிட்டு அழைத்து வந்த தந்தையின் முகம் வாடுமே என்று வாய் திறவான். தந்தைக்கும் ஐயம், மகனின் ஆர்வத்தைக் கெடுப்பானேன் என்று அவரும் வாளாவிருக்கிறார். குடும்பத்தாரே துணியும்போது தாம் பின்வாங்குவது அழகன்று என்று நண்பர் கருதுகிறார். தனித்தனியே கேட்டிருந்தால் மூவரும் "வேண்டாம்" என்றிருப்பர். கூடியிருப்பதால் "போவோம்" என்கின்றனர். எவரும் விரும்பாத முடிவை எல்லாரும் சேர்ந்து எடுத்துவிடுகின்றனர். இதில் கொடியவர் ஒருவருமில்லை. ஒருவரை ஒருவர் வருத்தலாகாது என்னும் நல்லெண்ணமே இங்கே வினையாகிறது.

இதனை அறிந்துதான் போலும், ஆழ்கடலில் முக்குளிப்போர் தமக்குள் ஒரு நெறியை வகுத்துக்கொண்டிருக்கின்றனர். எவரும், எந்த வேளையிலும், எந்தக் காரணத்திற்காகவும் முக்குளிப்பை நிறுத்திவிடலாம். உடன் வருபவர் காரணம் கேட்கலாகாது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் போதும். நாம் வெற்றிக்கு அடையாளமாகக் காட்டும் அதே விரல், அங்கே "மேலே திரும்புவோம்" என்று பொருள்படும். காரணம் கேட்கலாகாது என்பதில்தான் இந்நெறியின் நுட்பம் இருக்கிறது. அச்சத்திற்கு எப்போதும் சொற்கள் வாய்ப்பதில்லை. காரணம் கேட்டால் வாதம் பிறக்கும். வாதத்தில் வெல்வது நாவன்மையே. இளையோரும் நாணமுடையோரும் அங்கே தோற்றுப்போவர்.

ஒருவரது அச்சத்திற்காகப் பத்துப் பேர் மகிழ்ச்சியை இழப்பது முறையா என்று கேட்கலாம். ஒரு நாளின் மகிழ்ச்சியை மற்றொரு நாளில் ஈட்டலாம். உயிரை அவ்வாறு ஈட்ட முடியாது என்பதே அதற்கு விடை. இதனினும் வலிய வினா ஒன்றுண்டு. பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டுவந்த நம்மை அன்று தடுக்காதவர் யார்? அவர்கள் சொல்லுக்கு இணங்கியிருந்தால் நாம் இங்கே வாழ்வு கண்டிருப்போமா? அச்சத்திற்கு ஆட்பட்டால் எந்தக் கடலைத்தான் கடக்க முடியும்?

இங்கே ஒரு வேறுபாட்டை உணரவேண்டும். கரையில் நின்று தடுப்பவர் சொல் வேறு. கயிற்றின் மறுமுனையைப் பற்றியிருப்பவர் சொல் வேறு. முன்னவர் சொல்லை மதித்துக் கேட்டு, பின் நம் மனம்போல் நடக்கலாம். பின்னவர் சொல்லைக் கடக்க நமக்கு உரிமையில்லை. ஏனெனில், இடர் வந்தால் அவரும் நம்மோடு அழிவார். நாம் ஊரை விட்டுப் புறப்பட்டபோது தடுத்தோர் சொல்லை மீறினோம், அது தவறன்று. ஆயின், நம்முடன் புறப்பட்ட மனைவி மக்களிடம் "உங்கள் விருப்பம் யாது?" என்று கேட்டோமா என்பதை அவரவர் இல்லத்தில் அவரவரே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை வள்ளுவர் அடுத்தடுத்து அமைத்தார். வலியை அளக்கும்போது தன் வலியோடு துணையின் வலியையும் அளக்கச் சொன்னார். துணை இருக்கிறது என்பதோடு அவர் நிற்கவில்லை. அதன் அளவை அறியச் சொன்னார். துணைவரின் அளவை அவர் வாயால் அன்றி வேறெவ்வாறு அறிவோம்?

யூ-869 கப்பலில் மாண்ட 56 பேரும் போரில் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து சென்றவர்கள். "இப்பயணம் வேண்டாம்" என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை. அவர்களுடைய கல்லறையைக் காண விரும்பிச் செல்பவருக்கோ அவ்வுரிமை முழுமையாக உண்டு. கட்டளையிடுவார் எவருமின்றி, முகம் கோணுமே என்பதற்காக மட்டும் அதனைக் கைவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு!

உறவினர் தொலைவில் இருக்க, நண்பரையே உறவாகக் கொண்டு வாழ்பவர் நாம். ஆதலின் முகம் முறித்துப் பேசுவது நமக்கு மற்றவரினும் கடினம். விடுமுறைக்குக் குழுவாகப் புறப்படும்போது ஒரு வழக்கத்தைக் கைக்கொள்ளலாம். படகு புறப்படுமுன் பெரியவர் தம் கருத்தை வெளியிடாமல், குழுவில் மிக இளையவரை முதலில் கேட்கட்டும். பெரியவர் பேசிய பிறகு வரும் விடை பெரும்பாலும் பெரியவருடைய விடையே. அதற்கு முன் வருவதுதான் இளையவருடைய சொந்த விடை.