தெரியாது என்று சொல்லும் உரிமை

(ஆசான், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டூல் ரூம் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சீடன், பட்டாபிராமிலிருந்து மின்சார ரயிலில் வந்து அதே பேட்டையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் மெக்கானிக்கல் பட்டதாரி.)

சீடன்: ஐயா, ஐ.டி.க்குப் போக ஒரு கன்சல்டன்சிக்காரர் வழி சொல்கிறார். மூன்று மாதம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸ். அதோடு, ஏதோ ஒரு கம்பெனியில் மூன்று ஆண்டு வேலை பார்த்ததாக அனுபவச் சான்று, சம்பளச் சீட்டு எல்லாம் அவரே தயார் செய்து தருவாராம். 2024 நவம்பரில் எங்கள் ஊரிலேயே டைடல் பார்க் திறந்துவிட்டார்கள். தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் ரயில் ஏறுகிறேன். சேரட்டுமா?

ஆசான்: நீ கேட்டது ஒரு கேள்வி இல்லை, இரண்டு. ஐ.டி.க்குப் போகலாமா என்பது ஒன்று. பொய்ச் சான்றோடு போகலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு நீ எந்தப் பதில் சொன்னாலும் குற்றமில்லை. இரண்டையும் சேர்த்துக் கட்டி விற்பதுதான் அவருடைய வியாபாரம்.

சீடன்: பிரித்தால் முதல் கேள்விக்கே இடமில்லை, ஐயா. ஃப்ரெஷர் என்று எழுதினால் யாரும் கூப்பிடுவதில்லை. அனுபவம் இல்லாதவனுக்கு வேலை இல்லை, வேலை இல்லாதவனுக்கு அனுபவம் இல்லை. இந்த விதியை நானா போட்டேன்?

ஆசான்: விதி அநியாயமானதுதான். ஆனால் அதே அநியாயத்தில், ஃப்ரெஷர் என்று உள்ளதை எழுதிக்கொண்டு திருமுல்லைவாயில் பையன் ஒருவனும் வரிசையில் நிற்கிறான். நீ கம்பெனியை ஏமாற்றுவதாக நினைக்கிறாய். இடம் பறிபோவது அவனுக்கு.

சீடன்: எத்தனையோ பேர் இப்படிச் சேர்ந்து, மாட்டிக்கொள்ளாமல் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

ஆசான்: மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணை வைத்து நீ எங்கே, எப்போது வேலை பார்த்தாய் என்று சரிபார்க்கிறார்கள். ஆனால் அந்தப் பயத்தைக் காட்டி உன்னைத் தடுக்க மாட்டேன். மாட்டிக்கொள்வாய் என்பதுதான் காரணம் என்றால், மாட்டாத வழி கிடைத்த அன்றே அது சரி என்று ஆகிவிடும்.

சீடன்: எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷின் மிதித்துத்தான் அம்மா என்னைப் படிக்கவைத்தார். கல்விக் கடனுக்குப் படிப்பு முடிந்து ஓராண்டு விலக்கு. அது அடுத்த மாதம் முடிகிறது. என் தேவையை எதில் சேர்ப்பீர்கள்?

ஆசான்: குறளின் அதிகார வரிசையைப் பார். 47 முதல் 50 வரை தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல். செய்யலாமா, என்னால் முடியுமா, இது நேரமா, இது இடமா என்பதெல்லாம் அங்கே. உன் முதல் கேள்விக்கு அவை போதும். இரண்டாவது கேள்விக்கு 66ஆம் அதிகாரம், வினைத்தூய்மை. வினைத்திட்பம் அதற்கு அடுத்துத்தான் வருகிறது. உறுதியைப் பேசுமுன் தூய்மையைப் பேசிவிடுகிறார் வள்ளுவர். பெற்ற தாய் பசித்திருக்கும் நிலையையும் அங்கேயே எடுத்துக்கொள்கிறார், விலக்கு மட்டும் தரவில்லை.

சீடன்: கல் நெஞ்சு, ஐயா. பசியில் இருப்பவனிடம் போய்த் தூய்மை பேசுவதா?

ஆசான்: தாயைப் பட்டினி போடு என்று அவர் சொல்லவில்லை. பசிக்கு வழி தேடுவது உன் கடமை. ஆனால் பசி பெரிதாக இருப்பதால் வழி நல்லதாகிவிடாது. கடன்தான் நெருக்குகிறது என்றால், தவணை தவறும் முன்பே வங்கிக்குப் போ. வருமானத்தைக் காட்டி, தவணைக் காலத்தை நீட்டித் தரச் சொல்லிக் கேள். அதைக் கேட்டாயா?

சீடன்: கேட்கவில்லை. கௌரவக் குறைச்சலாக இருந்தது.

ஆசான்: வங்கியில் கை கட்டி நிற்பது கௌரவக் குறைச்சல், பொய்ச் சான்றை நீட்டுவது இல்லையா?

சீடன்: ...மாமா வேறு ஒன்று சொல்கிறார். இதெல்லாம் வேண்டாம், ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ஆள் எடுக்கும்வரை காத்திரு, மத்திய அரசு வேலை, நிரந்தரம் என்கிறார்.

ஆசான்: 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அடுத்த பத்தாண்டுக்குள் அதே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்து, 1965இல் விஜயந்தா டேங்க்கும் வந்தது. அன்று சேர்ந்தவர்கள் அரசுத் துறையின் ஊழியர்கள். 2021 அக்டோபர் 1 அன்று ஆர்டினன்ஸ் ஃபேக்டரி போர்டைக் கலைத்து ஏழு கம்பெனிகளாக்கினார்கள். மாமா சொல்லும் ஃபேக்டரி இன்று ஏ.வி.என்.எல். என்ற கம்பெனிக்குள் இருக்கிறது. அம்பத்தூரில் மூடிப்போன டன்லப் டயர் ஆலையையும் ஒரு காலத்தில் நிரந்தரம் என்றுதான் சொன்னார்கள். அரசு வேலைக்கு முயற்சி செய், தப்பில்லை. நிரந்தரத்தைப் போர்டில் தேடாதே.

சீடன்: பின் எதில் தேடுவது?

ஆசான்: ஆலை மூடிய பிறகும் பிழைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். லேத்தில் பழகிய கையோடு சி.என்.சி. மெஷின் முன்னால் போய், தன்னைவிட இருபது வயது சின்னவனிடம் இது என்ன, அது எதற்கு என்று கேட்டவர்கள் அவர்கள். நீ வேலைக்கு வந்த புதிதில் மைக்ரோமீட்டரைக் கொண்டுவந்து, ஜீரோ எரர் எப்படிப் பார்ப்பது என்று என்னிடம் கேட்டாயே. யாராவது சிரித்தார்களா?

சீடன்: இல்லை. புதுப் பையன்தானே என்று சொல்லிக்கொடுத்தீர்கள்.

ஆசான்: அந்தப் புதுப் பையன் என்ற இடத்தைத்தான் கன்சல்டன்சிக்காரர் காசு வாங்கிக்கொண்டு உன்னிடமிருந்து எடுக்கப் பார்க்கிறார். மூன்று ஆண்டு அனுபவம் என்று சொல்லிச் சேர்ந்தவன் முதல் நாள் பாடத்தைப் பக்கத்து சீட்டில் கேட்க முடியுமா? தெரியாது என்று சொன்னால் குட்டு வெளிப்படும். சொல்லாவிட்டால் கடைசிவரை தெரியாது. அந்தப் பொய் திருமுல்லைவாயில் பையனின் இடத்தையும் பறிக்கிறது, உன் படிப்பையும் நிறுத்துகிறது. படிப்பிலோ வேலையிலோ எதைத் தேர்ந்தாலும், அங்கே போய் ‘எனக்குத் தெரியாது, சொல்லிக்கொடுங்கள்’ என்று கேட்க முடியுமா என்று பார். முடியாது என்றால் அது உனக்கும் கேடு, ஊருக்கும் கேடு.

சீடன்: ஆனால் ஐயா, இப்போது இருக்கும் இடம் மட்டும் சுத்தமா? ஒரு பேட்ச்சுக்கு ஐந்து பீஸ் அளக்க வேண்டும். லாரி நிற்கிறது என்றால், ஒன்றை அளந்துவிட்டு மீதிக்கு நீயே போட்டுக்கோ என்கிறார் சூப்பர்வைசர். பிரேக்குக்குப் போகிற பாகம். நானும் போட்டிருக்கிறேன்.

ஆசான்: இதைத்தான் நீ முதலில் கேட்டிருக்க வேண்டும். அளக்காத கட்டத்தில் எண் எழுதாதே. காலியாக விடு. தெரியாது என்பதை ரிப்போர்ட்டில் அப்படித்தான் எழுத வேண்டும்.

சீடன்: வேலை போனால்?

ஆசான்: போகலாம். போகாது என்று நான் வாக்குத் தர முடியாது. அதனால்தான் வங்கிக்கு இந்த வாரமே போ என்கிறேன். கையில் இரண்டு மாதச் செலவுக்குப் பணம் இருப்பவனுக்கு ‘மாட்டேன்’ என்று சொல்வது கொஞ்சம் சுலபம். நேர்மைக்கும் முன்னேற்பாடு வேண்டும்.

சீடன்: அப்படியானால் டெஸ்டிங் படிக்கிறேன், சான்று வேண்டாம். சாஃப்ட்வேராக இருந்தாலும் சொன்னபடி இருக்கிறதா என்று சோதிப்பதுதானே வேலை? ஓராண்டு தரப் பரிசோதனை என்று உள்ளதையே எழுதுகிறேன். கோர்ஸை மட்டும் அவரிடமே முடித்துக்கொள்ளட்டுமா?

ஆசான்: போலிச் சான்று விற்கிறவரிடம் போய்ச் சோதித்துப் பார்க்கும் தொழிலைப் படிப்பாயா? ஐ.ஐ.டி.களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல்.லில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பாடம் உண்டு. கற்க இலவசம், தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். அதில் தொடங்கு. புரியாததைக் குறித்துவைத்து, தெரிந்தவர்களைத் தேடிப் போய்க் கேள். என்னிடம் வராதே, எனக்கு அந்தப் பாடம் தெரியாது.