அவள் போட்ட கையெழுத்து

இரண்டாவது குழந்தை சிசேரியன் என்று முடிவானதும், நர்ஸ் என் மனைவியிடம் ஒரு ஃபாரத்தை நீட்டினார். "அப்படியே கு.க.வும் பண்ணிடலாம்மா." அவளுக்கு வலி எடுத்திருந்தது. என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன், அவள் கையெழுத்துப் போட்டாள்.

படிக்காமலேயே 'ஒப்புக்கொள்கிறேன்' பட்டனை அழுத்தவைக்கும் பக்கங்களைச் செய்து சம்பளம் வாங்குகிறவன் நான். அதற்குப் பெயர் சம்மதம் இல்லை என்று எனக்குத் தெரியும். அரசு விதிப்படி கணவனின் ஒப்புதல் தேவையே இல்லை. ஆனாலும் அவள் தேடியது என் தலையசைப்பைத்தான்.

2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரு முகாமில், சில மணி நேரத்தில், ஒரே மருத்துவர் 83 பெண்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தார். பத்துப் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அப்படிப்பட்ட முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்தச் சொல்லி 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. முகாம் போகலாம். யார் உடம்பு என்கிற கணக்கு? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பெண் கருத்தடை 57.8 சதவீதம், ஆண் கருத்தடை 0.1. இத்தனைக்கும் ஆணுக்குச் செய்வதுதான் எளிது, ஆபத்தும் குறைவு.

எனக்கு யாரும் ஃபாரம் நீட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

போன மாதம் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "உங்களுக்குன்னா வயித்தையே தொட வேண்டாமாமே?"