சுயசார்பும் கழிவும்

சுயசார்பை ஒரு தார்மிக மதிப்பாக நாம் ஏற்றுக்கொண்டு வெகுகாலமாகிறது. தன் வேலையைத் தானே செய்துகொள்பவன் பிறரை அண்டி நிற்பவனைவிட மேலானவன் என்ற எண்ணத்தைக் கேள்வி கேட்பவர்கள் குறைவு. அந்த வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்பவர்கள் அதனினும் குறைவு. முடிவு எது என்று தெரியாத ஒரு வேலையைத் தானே செய்துமுடித்ததாக ஒருவன் சொல்லிக்கொள்வதற்கு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

கேள்வியை அந்தரத்தில் விடாமல் ஸ்தூலமான ஒரு வேலையில் வைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவில் மெக்கானிக்கின் கூலி அதிகம். அதனால் காரின் பழுதுகளை வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்ளும் வழக்கம் அங்கே பரவலாக இருக்கிறது. விரிசல் விட்ட ரேடியேட்டரை மாற்றுவது அத்தகைய வேலைகளில் ஒன்று. பெரிய வித்தை தேவையில்லை, பொறுமை வேண்டும். முதலில் எஞ்சின் முழுக்க ஆற வேண்டும். சூடாக இருக்கும்போது உள்ளே சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு அழுத்தம் இருக்கும். அப்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆறிய பின் அடித்திருகைத் தளர்த்திக் கூலண்டை ஓர் அகலத் தட்டில் வடிக்கிறார்கள். மேலும் கீழும் உள்ள ரப்பர்க் குழாய்களைக் கழற்றி, விசிறியின் மறைப்பை விலக்கி, தாங்கிகளை அவிழ்த்துப் பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதை இறக்குகிறார்கள். பிறகு புதுக் கூலண்டை ஊற்றி எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்று வெளியேறும்வரை அருகிலேயே நிற்க வேண்டும்.

இந்த வேலையில் ஒரு மெய்யான நன்மை இருப்பதை மறுப்பதற்கில்லை. ஸென்னையும் மோட்டார் சைக்கிள் பராமரிப்பையும் சேர்த்துப் பேசி ராபர்ட் பிர்சிக் 1974-இல் வெளியிட்ட நூலில், ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு வேலைசெய்யும் பட்டறைக்காரர்கள் அவர் வண்டியைப் பாழாக்கும் சம்பவம் ஒன்று வருகிறது. அவர்கள் தங்கள் வேலைக்கே பார்வையாளர்களாக இருந்தார்கள் என்பது அவர் கண்டுகொண்ட விஷயம். செய்பவனுக்கும் செய்யப்படும் பொருளுக்கும் நடுவே அக்கறை இருந்தால் இரண்டும் வேறுவேறாக நிற்பதில்லை என்பது அவருடைய வாதத்தின் சாரம். வாசலில் குனிந்து நிற்கும் அந்த மனிதனுக்கு இது பொருந்துகிறது. தன்னைச் சுமந்து செல்லும் யந்திரம் ஏன் சூடேறுகிறது, அந்தச் சூடு எந்த வழியாக வெளியேறுகிறது என்பது இப்போது அவன் கைகளுக்குத் தெரியும். இந்த அறிவு சாதாரணமானதல்ல.

ஆனால் அவன் செய்தது பழுதுபார்த்தலா? இன்றைய ரேடியேட்டரின் நடுப்பகுதி அலுமினியம். இரு முனைகளிலும் உள்ள டேங்குகள் கண்ணாடி இழை சேர்த்த நைலான். ஆண்டுக்கணக்காகச் சூடேறி, குளிர்ந்து, மீண்டும் சூடேறி நைலான் நொறுங்கும் தன்மை அடைகிறது. விரிசல் பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது. அதை நம்பகமாக ஒட்ட வழியில்லை. ஆகவே முழுவதையும் எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கிறான். தொழிற்சாலையில் எப்போதோ எடுக்கப்பட்ட ஒரு தீர்மானத்தைத் தன் கையால் நிறைவேற்றுகிறான் என்றுகூடச் சொல்லலாம்.

இந்த இடத்தில் பழமையை நினைத்து ஏங்குவது சுலபம். 1970களிலும் 80களிலும் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் இடம்பிடிக்கும்வரை ரேடியேட்டர் செம்பாலும் பித்தளையாலும் ஆனது. ஒழுகினால் பட்டறைக்காரர் ஈயம் வைத்துப் பற்றவைத்துத் தருவார். ஒரே ரேடியேட்டர் பலமுறை பிழைத்தெழும். ஆனால் அந்தப் பற்றில் இருந்தது வெள்ளீயம் மட்டுமல்ல, காரீயமும்தான். சுடரைக் காட்டி அதை உருக்கியவர்களின் நெஞ்சுக்குள் அது புகையாகவும் தூசாகவும் போனது. ரேடியேட்டர் பட்டறைத் தொழிலாளிகளின் ரத்தத்தில் காரீயம் அதிகமிருப்பது மருத்துவ ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் பழைய ரேடியேட்டரை வைத்துக் கள்ளச்சாராயம் வடித்து, அதைக் குடித்தவர்களுக்குக் காரீய நஞ்சேறியதும் தெரிந்த செய்தி. பழுதுபார்க்கக்கூடிய பொருள் பழுதுபார்த்தவரைப் பழுதாக்கியது. நைலான் வந்ததும் அந்த மனிதருக்கு நஞ்சும் குறைந்தது, பிழைப்பும் குறைந்தது. எது லாபம், எது நஷ்டம் என்று உடனே கணக்குத் தீர்க்க என்னால் முடியவில்லை. ஒன்று மட்டும் புலப்படுகிறது: விலை இல்லாமல் போவதில்லை, கொடுப்பவர் மாறுகிறார்.

வாசலில் நிற்பவனின் முறை அந்தத் தட்டில் இருக்கிறது. பச்சையாகவோ ஆரஞ்சாகவோ நான்கைந்து லிட்டர். பெரும்பாலும் அது தண்ணீரும் எத்திலின் கிளைக்காலும் சரிபாதி கலந்தது. கிளைக்கால் தித்திக்கும். அதை நக்கும் நாயின் உடலில் அது ஆக்ஸலேட் படிகங்களாகி சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். பூனைக்கு இன்னும் குறைந்த அளவே போதும். பழைய கூலண்டில் எஞ்சினிலிருந்து கரைந்த உலோகங்களும் இருக்கும். தெருவோர மழைநீர் வடிகாலில் ஊற்றினால் பல ஊர்களில் அது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் ஓடையில் கலக்கிறது. பட்டறையில் இதற்கு ஒரு பீப்பாய் இருக்கும், சட்டம் இருக்கும், சோதிக்க வருபவர் இருக்கலாம். வீட்டில் வேலைக்காரனும் அவனே, சோதனை அதிகாரியும் அவனே. மெக்கானிக்குக்குக் கொடுக்காமல் மிச்சம்பிடித்த கூலியில் இந்தக் கடமைக்கான விலையும் அடங்கியிருந்தது. கூலியை மிச்சம்பிடித்தவன் கடமையைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டான். அது அவனுக்குத் தெரியாமலிருக்கலாம்.

2012-இல் அமெரிக்கக் கூலண்ட் தயாரிப்பாளர்கள், சில்லறையில் விற்கும் தங்கள் சரக்கில் கசப்புப் பொருள் சேர்க்க ஒப்புக்கொண்டார்கள். நாய்களும் குழந்தைகளும் அதை அருந்தாமலிருப்பதற்கான ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தட்டைக் கவனியாமல் விட்டுப் போகிறவர்கள் இருந்துகொண்டேயிருப்பார்கள் என்ற அனுமானத்தின்மீது எழுந்த ஏற்பாடு அது.

நான்கு லிட்டர் ஒரு பொருட்டா, ஆலைகள் விடும் கழிவுக்கு முன் இது எம்மாத்திரம் என்று ஒருவர் கேட்கலாம். சட்டம் இயற்றுபவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. வாசலில் நிற்பவன் கேட்க முடியாது. ஆலையின் குற்றம் பெரிது என்பதால் தன் தட்டைக் குடித்த நாய் பிழைத்துக்கொள்ளாது. மேலும், இந்த வேலை முழுக்கத் தன்னுடையது என்று உரிமை கொண்டாடியவன் அவன்தான். உரிமை காரில் தொடங்கிக் காரிலேயே முடியும் என்றால், அவன் சுயசார்பு பிறர்மேல் சாய்ந்து நிற்கிறது. யார் மேல் என்பதை அவன் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பிர்சிக்கிடம் நான் மாறுபடுவது இங்கேதான். அவர் ஓட்டிய ஹோண்டாவைக் காற்றே குளிர்வித்தது. வடித்தெடுக்கக் கூலண்ட் கிடையாது. இது தற்செயல். ஆனால் அவருடைய தத்துவத்திலும் இதையொத்த ஒரு விடுதலை இருப்பதாகத் தோன்றுகிறது. அக்கறையை அவர் பெரும்பாலும் கைத்திறனின் வழியாகவே காண்கிறார். திருகு சரியாக முறுகுவதில், குழாய் சரியாக உட்காருவதில் செய்பவனுக்கு ஒரு லயிப்பு உண்டு. அந்த லயிப்பை அறம் என்று எடுத்துக்கொள்ள நமக்கு ஆசை. எழுதுகிறவர்களுக்கு இந்த ஆசை இன்னும் அதிகம்.

தட்டில் இருப்பதை ஒரு மூடியுள்ள கேனில் ஊற்றி, பெயரெழுதி ஒட்டி, ஊருக்கு வெளியே கழிவு வாங்கும் இடம் திறந்திருக்கும் நாளுக்காகக் காத்திருந்து, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவதில் எந்தத் திறமையும் இல்லை. லயிப்பும் இல்லை. யாரும் பார்த்து மெச்சப் போவதில்லை. கார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. ரேடியேட்டர் மாற்றும் வேலையில் அறம் என்று தனியாகச் சுட்டிக்காட்டக்கூடிய பகுதி ஏதாவது இருந்தால், அது இந்தச் சுவாரஸ்யமில்லாத பயணம்தான் என்று நினைக்கிறேன்.