எது குப்பை?

உத்திரமேரூர்ப் பக்கம், ஏரிக்கரையை ஒட்டி ஒரு பழைய சிவன் கோயில். மாதம் ஒரு ஞாயிறு அங்கே உழவாரப் பணிக்குப் போவோம். உழவாரம் அப்பர் பெருமான் கையில் இருந்த கருவி என்று நினைக்கும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அர்த்த மண்டபத்து இருட்டில் வவ்வால்கள். எச்சமும் வாடையும் தாங்காது. பன்னிரண்டு வருடத்துக்கு முன், ஒரு சித்திரையில், வரட்டியும் வேப்பிலையும் போட்டு நான்தான் புகை மூட்டினேன். எல்லாம் பறந்தன. ஒன்று மட்டும் நந்திக்குப் பக்கத்தில் விழுந்தது. பெருக்கப் போனவன் குனிந்து பார்த்தேன். செத்த தாயின் மார்பைக் கவ்வியபடி, மயிர் முளைக்காத குட்டி. வாய் மட்டும் அசைந்தது. பெரும்பாலான வவ்வால்கள் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டிதான் போடும் என்று பிறகு படித்தேன்.

திருவானைக்கா கதை நம் எல்லோருக்கும் தெரியும். நாவல் மரத்தடி லிங்கத்தின்மேல் சருகு விழாதிருக்கச் சிலந்தி பந்தல் பின்னியது. யானை அதை அழுக்கென்று அறுத்துவிட்டுக் காவிரி நீர் ஆட்டியது. யானையின் பக்தியில் குறையே இல்லை. ஆனால் எது குப்பை என்று அதுவே முடிவு செய்தது. அன்று ராத்திரி தூக்கமில்லாமல் கிடந்தபோது, துடைப்பம் பிடித்த நானும் அந்த யானைதான் என்று பட்டது.

குருக்களிடம் கேட்டேன், "சாமி, எச்சம் தீட்டில்லையா?"

"தீட்டுதான். புண்ணியாகவாசனம் பண்ணிடலாம். உயிர் போனதுக்கு என்ன பண்றது?"

ஆகமம் கேட்கும் சுத்தத்தை நான் தள்ளவில்லை. ஆனால் சைவ சித்தாந்தம் எல்லா உயிரையும் பசு என்கிறதே; பதியான சிவனின் வீட்டில் ஒரு பசு இன்னொன்றை எந்த உரிமையில் விரட்டுவது? விரட்டாமல் காப்பவர்களும் உண்டு. குளிர் நாடுகளில் சுண்ணாம்புக் குகைக்குள் வவ்வால்கள் பனிக்காலம் முழுக்க உறங்கும். இடையில் எழுப்பினால் சேர்த்துவைத்த கொழுப்பு கரைந்து செத்தே போகும் என்று குகை வாசலுக்குக் கம்பிக் கதவு போட்டுக் காக்கிறார்கள். நம் ஊர்க் கோடைக்கு அந்த உறக்கம் இல்லை. சமவெளியில் குகையும் இல்லை; கல் மண்டபம்தான் குகை. இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஓரிரு இனம் தவிரப் பழந்தின்னி வவ்வால்களைத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியல் போனது. திருவீழிமிழலையில் சிற்பிகள் கட்டிய ஒரு மண்டபத்துக்கோ வவ்வால்நெத்தி மண்டபம் என்றே பேர்.

கருவறை வாசலுக்கு மட்டும் வலைக்கதவு போட்டோம். மண்டபத்தை இப்போது அந்தியில்தான் கழுவுகிறோம். தலைக்குமேல் சிறகோசை அடங்கி, எல்லாம் ஏரிக்கு அந்தப் பக்கம் நெல் வயலுக்குப் போனபிறகு முதல் வாளித் தண்ணீரை ஊற்றுவேன். குட்டி இருக்கும் மாதங்களில் அந்த மூலைக்கு விளக்கைக்கூடக் கொண்டுபோவதில்லை.