விரல் நீட்டி நிறுத்தும் டாக்சி

பாரிஸ், டோக்கியோ, கோலாலம்பூர், சென்னை. எங்கே போனாலும் டாக்சி டாக்சிதான். உச்சரிப்பு மட்டும் ஊருக்கு ஊர் கொஞ்சம் வளையும். ஜெர்மனியில் 1891இல் புரூன் என்பவர் உருவாக்கிய கட்டண மீட்டரின் பெயர்தான் சுருங்கி வண்டியின் பெயராயிற்று.

தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க்கில் பெரும்பாலான டாக்சிகளில் மீட்டர் கிடையாது. அங்கே பெரும்பாலானோர் டாக்சி என்பது 15 பேர் நெருங்கி உட்காரும் வேனை.

*

வேனுக்கு ஏன் அந்தப் பெயர்? நிறவெறி அரசு கறுப்பின மக்களை நகருக்கு வெளியே சொவேட்டோ போன்ற இடங்களில் குடியமர்த்தியது. வேலை நகருக்குள், வீடு தொலைவில். பஸ்ஸும் ரயிலும் போதவில்லை. 1977ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம், ஒன்பது பேருக்கு மேல் ஏற்றும் வண்டியைத்தான் பஸ் என்றது. எட்டுப் பயணிகளோடு ஓடிய வேன்கள் அந்த இடுக்கில் நுழைந்து டாக்சி உரிமம் பெற்றன. 1980களின் கடைசியில் கட்டுப்பாடு தளர்ந்ததும் இருக்கைகள் கூடின. பெயர் அப்படியே நின்றுவிட்டது.

*

நான் திரும்பத் திரும்ப நினைப்பது இந்த டாக்சிகளை நிறுத்தும் விரல்களைத்தான். சாலையோரம் நிற்பவர் கூவி அழைப்பதில்லை. ஆட்காட்டி விரலை மேலே நீட்டினால் நகர மையத்துக்கு. கீழே காட்டினால் பக்கத்திலேயே. பழத்தை ஏந்துவதுபோல் உள்ளங்கையைக் குவித்தால் ஆரஞ்சு ஃபார்ம். அந்தக் குடியிருப்பே 1980களின் கடைசியில்தான் உருவானது. ஆகவே அந்தச் சைகைக்கு அதைவிட வயது இருக்க முடியாது. யாரோ ஒருவர் முதலில் கையைக் குவித்திருக்கிறார், யாரோ ஓர் ஓட்டுநர் புரிந்துகொண்டு பிரேக் போட்டிருக்கிறார். எந்த அலுவலகமும் வகுத்துக் கொடுத்ததல்ல இது. விடியுமுன் வேலைக்குக் கிளம்பியவர்கள் செய்த மொழி. அதனாலேயே எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை.

*

உள்ளே வேறு வழக்கம். பின்வரிசையிலிருந்து காசு கைமாறி முன்னே வரும். முன்னிருக்கைக்காரர் எண்ணிச் சில்லறை திருப்பி அனுப்புவார். முன்பின் தெரியாதவர்களுக்குள் இந்தக் கணக்கு அன்றாடம் நடக்கிறது. இறங்க வேண்டுமானால் ‘ஷார்ட் லெஃப்ட்’ என்பார்கள்: அடுத்த இடது திருப்பத்தை ஒட்டி நிறுத்து. ‘ஆஃப்டர் ரோபோ’ என்றால் சிக்னல் தாண்டி.

இதே டாக்சிகளின் வழித்தடங்களுக்காகச் சங்கங்கள் மோதிக்கொண்டதில் ஓட்டுநர்களும் பயணிகளும் சுடப்பட்டுச் செத்திருக்கிறார்கள். விரல்களின் அழகை எழுதும்போது இதை விட்டுவிடக் கூடாது.

*

சூசன் வுல்ஃப் என்ற ஓவியர் இந்தச் சைகைகளைத் தேடித் தேடித் தொகுத்தார். 2010இல் அவை தென்னாப்பிரிக்க அஞ்சல்தலைகளில் வந்தன. பார்வையற்றவர்கள் எந்த இடத்துக்குக் கையை எப்படிப் பிடிப்பது என்று அறிய, தடவிப் பார்க்கும் வடிவக் குறிகளையும் அவர் உருவாக்கினார்.