காப்பும் ஒப்புதலும்

அறிவுத்திறன் குறைபாடு உடையவர்களின் பாலுணர்வை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி ஓர் ஆபத்தாகக் கண்டது. குறைபாடு வழிவழியாக இறங்கும், ஆகவே அவர்கள் பிள்ளை பெறக் கூடாது என்ற இனமேம்பாட்டுக் கொள்கை சட்டமாகவே ஆனது. 1907-ல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியது. 1927-ல் கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கருத்தடை செய்ய அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வர்ஜீனியாவுக்கு இசைவு தந்தது. அவருக்கு அறிவுக் குறைபாடே இல்லை என்று பின்னாளில் ஆய்வாளர்கள் காட்டினர். இத்தகைய சட்டங்களால் அமெரிக்காவில் 60,000-க்கும் மேற்பட்டோர் கருத்தடைக்கு ஆளாயினர். நாஜி ஜெர்மனியில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 4 லட்சம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அக்கொள்கை மதிப்பிழந்தது, ஆனால் அறுவை நிற்கவில்லை. சமூகத்தைக் காப்பதற்கு என்று செய்தது, குறைபாடு உடையவரையே காப்பதற்கு என்றானது. 1994-ல் மகாராஷ்டிரத்தில் அரசுக் காப்பகப் பெண்கள் சிலருக்கு, மாதவிடாய்த் தூய்மையைக் காரணம் காட்டிக் கருப்பை அகற்றப்பட்டது.

தமக்குப் பிறகு மகளை யார் பார்ப்பார் என்ற, இத்தகைய அறுவையை நாடும் பெற்றோரின் அச்சம் மெய்யானது. பாலியல் வன்முறைக்குக் குறைபாடு உடையவர்கள் இலக்காவதும் மிகுதி. ஆனால் கருப்பையை அகற்றுவதால் வன்முறை நிற்காது. அதை வெளிக்காட்டக்கூடிய கரு மட்டுமே இல்லாமல் போகும். அந்தக் காப்பு குற்றவாளிக்கே பயன்படும். உடலையும் தொடுதலையும் பற்றி எளிய மொழியில் கற்றுக்கொண்டவருக்கோ, மறுக்கவும் நடந்ததைச் சொல்லவும் வழி பிறக்கிறது.

2006-ல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, மணம் புரியவும் குடும்பம் அமைக்கவும் கருவளத்தைக் காத்துக்கொள்ளவும் உள்ள உரிமையை உறுதிசெய்தது. அரசுக் காப்பகத்தில் வல்லுறவால் கருவுற்ற, லேசான அறிவுத்திறன் குறைபாடுடைய பெண் ஒருவர் குழந்தையைப் பெற விரும்பியபோது, அவர் விருப்பத்துக்கு மாறாகக் கருவைக் கலைக்கக் கூடாது என்று 2009-ல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தகவலறிந்த ஒப்புதலின்றி மாற்றுத்திறனாளிகளை மலடாக்கும் சிகிச்சையை இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தடைசெய்கிறது.

கடுமையான குறைபாடு உடையவரிடம் ஒப்புதல் பெறுவது எப்படி என்ற கேள்வி எஞ்சுகிறது. ஒப்புதல் தரும் ஆற்றல் ஒருவருக்கு எல்லாவற்றிலும் ஒரே அளவாக இருப்பதில்லை; காரியத்துக்குக் காரியம் மாறும். பணக்கணக்கு தெரியாத ஒருவருக்கு, யார் அருகில் இருக்கலாம், யார் கூடாது என்பது தெரிந்திருக்கலாம். ஆகவே ஒவ்வொரு முடிவிலும் அவருக்குப் புரியும் வழியில் முதலில் அவரையே கேட்க வேண்டும். அதன் பிறகும் பிறர் முடிவெடுக்க நேர்ந்தால், அளவுகோல் அவரது நலமே. பராமரிப்பவரின் வசதி அன்று.