வழித்துணையும் கடப்பாடும்

கூலி பெற்றுழைப்பான் ஒருவன் தான் ஏற்ற தொழிலை இடையில் விட்டொழிவானாயின் அவனை உலகம் பழிக்கும். கூலி யாதும் பெறாது, உள்ளத்தெழுந்த இரக்கம் ஒன்றே காரணமாகப் பிறர்க்கு உதவப் புகுந்தான் ஒருவன் அதனை இடையே விடின் அவனும் பழிக்கப்படுவானோ? படான், செய்த துணையும் பிறர்க்கு ஊதியமே என்பர் ஒரு சாரார். அக்கூற்று எல்லா உதவிக்கும் பொருந்துமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது. இளைஞர் மதுவினும் போதைப்பொருளினும் வீழாவண்ணம், உறவல்லாத மூத்தோர் தாமே முன்வந்து ஆளுக்கொருவராகத் துணைநிற்கும் வழக்கத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வாம்.

இவ்வழக்கம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெடுங்காலமாக நிலவுவது. நியூயார்க்கு நகரச் சிறார் நீதிமன்றத்தில் எழுத்தராயிருந்த எர்னஸ்ட் கூல்ட்டர் என்பார், அங்கே கொணரப்படும் சிறுவர்க்குத் தண்டத்தினும் துணையே வேண்டுவதெனக் கண்டு, 1904-ஆம் ஆண்டில் ஓர் அவையில் அதனை எடுத்துரைத்தார். கேட்டோருள் ஏறத்தாழ 40 பேர் ஒவ்வொரு சிறுவனுக்குத் தமையன்போல் நிற்க உடன்பட்டனர். அவ்வழி வளர்ந்த அமைப்பும், சிறுமியர்க்கெனத் தோன்றிய அமைப்பும் 1977-இல் ஒன்றுகூடி, பெருந்தமையர் பெருந்தமக்கையர் எனப் பொருள்படும் ‘பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்’ என்னும் கழகமாயின.

அக்கழகத்தின் பணிபற்றிய ஆய்வொன்று 1995-இல் வெளிவந்தது. 10 முதல் 16 வரை அகவையுடைய 959 இளைஞர், குலுக்குச் சீட்டையொத்த முறையால் இரு கூறாக்கப்பட்டனர். ஒரு கூற்றார்க்குத் துணைவரைக் கூட்டுவித்தனர், மற்றையோர் காத்திருந்தனர். 18 திங்கள் கழித்து நோக்கியவழி, முதற்கூற்றார் போதைப்பொருளைப் புதிதாகத் தொடுதல் மற்றையோரினும் நூற்றுக்கு 46 வீதமும், மதுவைத் தொடங்குதல் 27 வீதமும் குறைந்திருந்தன.

இப்பயன் எதனான் விளைந்தது? அத்துணைவர் மதுவிலக்கு உபதேசம் செய்தற்கென அமர்த்தப்பட்டாரல்லர். பெரும்பாலார் திங்கள்தோறும் மும்முறையேனும் வந்து, மூன்று நான்கு மணி நேரம் உடனிருந்து அளவளாவினர். அவ்வாண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்விலோ, இளைஞனைத் திருத்துதலே குறியாகப் புகுந்தாருடைய தொடர்பு பெரும்பாலும் விரைவில் அற்றமையும், நட்பை முற்படுத்தினாருடைய தொடர்பு நிலைத்தமையும் காணப்பட்டன.

சித்தாந்தம் பயின்றார்க்கு இது வியப்பன்று. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று. செம்மலரை அருகே வைத்துக்கொண்டு படிகத்தை நோக்கிச் ‘சிவக்காதே’ என்று உரைத்தலாற் பயனென்னை? விலக்குரை செவியளவில் நிற்கும். உடனுறைவான் ஒழுக்கமோ சார்பாய் நின்று பற்றும். ஒரு வேறுபாடும் உண்டு: படிகம் சடம், உயிர் அறிவும் விழைவும் உடையது. ஆகலின், அஃது ஒன்றனைத் தானே விழைந்து சார்தல் வேண்டும். அன்பில்லாவழி அவ்விழைவு தோன்றாது. திருத்த வந்தார் தோற்றது இதனாலென்க.

இனி, எடுத்த வினாவிற்கு வருவாம். முற்கூறிய 959 பேர் பற்றிய செய்திகளை மீண்டும் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டனர். ஓராண்டும் அதன் மேலும் நீடித்த தொடர்பு மிக்க நன்மை பயந்தது. மூன்று திங்களுள் அற்ற தொடர்போ, இளைஞர் தம்மைத் தாம் மதிக்கும் மதிப்பையும் குறைத்துவிட்டது. ஆகவே, தொடங்கி விடுதல் தொடங்காமையோடு ஒவ்வாது. அதனினுந் தீதாதலும் உண்டு. பெற்றோருள் ஒருவரை முன்னரே பிரிந்த சிறுவன், வந்த துணைவனும் வாராதொழியக் காண்பானாயின், ‘யான் விடுதற்கே உரியேன்’ என்று துணிவான். அத்துணிவே தீய சார்பிற்கு வாயிலாம்.

அற்றேல், முன்னரே மிக இடருற்ற சிறுவரன்றோ விரைவில் விடப்படுவார். அக்குறை விட்டதனால் வந்ததென்று எங்ஙனந் துணிதும் எனின், அவ்வாறு கொள்ளினும் துணைவன் கடன் மிகுமேயன்றிக் குறையாது. புண்பட்டானைத் தொடுவார்க்கன்றோ கை நடுங்காமை மிக வேண்டுவது.

அங்ஙனமாயின் நெடுங்காலம் நிற்க இயலாத நல்லோர் உதவுதலே தகாதோ எனின், தகும். பொருளால் உதவலாம், நிற்குங் காலத்தை முன்னரே அளந்து கூறலாம், பிரியுங்கால் முறையாக விடைபெற்றுப் பிரியலாம். தகாதது, நாளை வருவேம் என்று கூறி வாராதொழிதலே.

ஆகவே, விருப்பு என்பது தொடங்குமளவும் உரியது. ஒருவன் நம்மைச் சார்ந்தபின் அது கடனாய் முற்றும். கூலியில்லாமை அக்கடனைத் தளர்த்தாது. கூலியாளனுக்கு ஈடாக வேறொருவனை அமர்த்தலாம். ஒரு சிறுவன் மனம் பற்றிய தமையனுக்கு ஈடாக யாரை அமர்த்துவது? இதனை எண்ணித் துணிந்தபின் கை நீட்டுக.